குமுளி ஊராட்சியும் நம் வார்டு மெம்பரும்

தேனியிலிருந்து புறப்படும் பேருந்து கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைத் தாண்டி, லோயர் கேம்ப்பில் சற்று நின்று, பிறகு மலையேறத் தொடங்குகிறது. வளைவுகள் முடியுமிடத்தில் ஊர் வந்துவிடுகிறது. பேருந்தும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். நடையும் நெடுந்தூரமன்று. ஒரு சோதனைச் சாவடி, ஒரு தடுப்பு, சில கடைகள். அவற்றைத் தாண்டினால் கேரளம். பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேருந்துகளின் நிறம் மாறுகிறது. தேநீர்க் கடைகளில் காதில் விழும் பேச்சு மட்டும் இருபுறமும் தமிழும் மலையாளமுமாகக் கலந்தே ஒலிக்கிறது. ஏலக்காய் மணமும் எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை. இதுவே குமுளி.

இவ்வூரில் நாள்தோறும் இருவகைத் தமிழரைக் காணலாம். விடியற்காலையில் கூடலூரிலும் கம்பத்திலுமிருந்து ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிவந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோர் ஒரு சாரார். பாட்டன் காலத்திலேயே மலையேறி, லயங்களிலும் காலனிகளிலும் கடைத்தெருவிலும் குடியிருந்து, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்து, இம்மண்ணிலேயே முதியோராகிவிட்டவர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு வாக்குரிமை மலையடிவாரத்தில் உள்ளது. பின்னவர்க்கு அது மலைமேல் உள்ளது. அவ்வுரிமையைக் கொண்டு அவர்கள் முதன்முதலில் தேர்ந்தெடுப்பது சட்டமன்ற உறுப்பினரையோ மக்களவை உறுப்பினரையோ அல்ல. தம் வார்டின் ஊராட்சி உறுப்பினரை. மக்கள் அவரை 'மெம்பர்' என்றே அழைக்கின்றனர். தமிழரும் அவ்வாறே அழைக்கின்றனர், மலையாளிகளும் அவ்வாறே. இக்கட்டுரையில் நானும் அச்சொல்லையே கையாளுகிறேன்.

மாநில எல்லை எங்கே செல்கிறதென்று குமுளியில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். தம் வார்டின் எல்லை எங்கே செல்கிறதென்று கேட்டால் பெரியவர்களும் தயங்குகின்றனர். தெருவிளக்கும், குடிநீர்க் குழாயும், வீடு கட்ட உதவியும், முதியோர் ஓய்வூதியமும் இந்த இரண்டாவது எல்லையைப் பொறுத்தே வந்து சேர்கின்றன. ஆகவே அதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது வீணாகாது.

முதலில் சிறிது வரலாறு. பீர்மேடும் தேவிகுளமும் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த மலைத் தாலுகாக்கள். தேயிலையும் ஏலமும் பயிரிடப்பட்டபோது மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் வழியே தமிழ்த் தொழிலாளர் அங்கே வந்து சேர்ந்தனர். மாநிலங்களை மொழிவழி அமைப்பது குறித்து ஆராய்ந்த பசல் அலி குழு 1955-இல் அளித்த அறிக்கையின் பேரில், 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பின்னர் 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது இவை அதன் பகுதிகளாயின.

எல்லைத் தமிழரிடையே இந்த 1956-ஆம் ஆண்டைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. அது இயல்பே. ஆயினும் லயத்தில் வாழ்ந்த எளிய குடும்பத்தின் அன்றாட வாழ்வை அதனினும் அதிகமாகப் பாதித்த வேறொரு செய்தி உண்டு. அதனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கேரளச் சட்டமன்றம் 1960-இல் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் 1963-இல் தேர்தல் நடைபெற்றது. அடுத்த தேர்தல் எப்போது நடைபெற்றது தெரியுமா? 1979-இல்! பதினாறு ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையாக இருந்தது வளர்ந்து கொழுந்துக் கூடை சுமக்கும் வயதை எட்டிவிட்டது. ஊராட்சிக்கோ புதிய தேர்தல் இல்லை. அதன்பின் 1988-இல் ஒரு தேர்தல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாது தேர்தல் நடத்தவேண்டும் என்னும் கட்டாயம் 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தால் ஏற்பட்டது. கேரளம் 1994-இல் புதிய பஞ்சாயத்து ராஜ் சட்டத்தை இயற்றி, 1995-இல் தேர்தல் நடத்தியது. அன்று முதல் 2000, 2005, 2010, 2015, 2020, 2025 எனத் தேர்தல்கள் ஒழுங்காக நடந்து வருகின்றன. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. வெறும் பதவியாக இருந்த மெம்பர் பதவிக்கு வேலையும் பணமும் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

இனி வார்டு என்பது எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். ஓர் ஊராட்சிக்கு எத்தனை மெம்பர்கள் என்பதை மக்கள்தொகை முடிவு செய்கிறது. 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி கேரளத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குறைந்தது 14 வார்டுகளும், மிகுதியாக 24 வார்டுகளும் இருக்கலாம். 15,000 மக்கள் வரை 14. அதற்கு மேல் ஒவ்வொரு 2,500 பேருக்கும் ஒன்று கூடும். முன்னர் இந்த எண்கள் 13, 23 என்றிருந்தன. ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒன்றேனும் கூடியதால் மாநிலம் முழுவதிலும் எல்லைக் கோடுகளைப் புதிதாக இழுக்க நேர்ந்தது. 941 கிராம ஊராட்சிகளில் 15,962 ஆக இருந்த வார்டுகள் 17,337 ஆயின. வரைவு 2024 நவம்பரில் வெளிவந்தது, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டன, 2025 டிசம்பரில் நடந்த தேர்தல் இப்புதிய கோடுகளின்படியே நடந்தது.

எல்லைக் கோடு இழுப்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு வார்டில் 1,200 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். ஓடைக்கரையில் அடுத்தடுத்து அமைந்த தமிழ்க் குடியிருப்பொன்றில் 600 வாக்குகள் உள்ளன. குடியிருப்பு முழுவதும் ஒரே வார்டில் நின்றால் வார்டில் சரிபாதி அவர்கள். நிற்கும் வேட்பாளர் அனைவரும் அவர்கள் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். ஓடையையே எல்லையாக வைத்து இருகூறாக்கினாலோ, இரண்டு வார்டுகளிலும் காலே பங்கு. ஆற்றையும் ஓடையையும் சாலையையும் மலைமுகட்டையும் எல்லையாகக் கொள்வது வழக்கமாதலின் இது கெட்ட எண்ணமின்றியும் நிகழலாம். மலைநாட்டில் வீடுகள் ஓடையின் இருபுறத்திலுந்தானே அமைகின்றன! ஒன்று சேர்ந்திருப்பதே எப்போதும் நன்மை என்றும் நான் கூறமாட்டேன். பிரிந்திருந்தால் ஒருவர்க்குப் பதிலாக இரண்டு மெம்பர்கள் நம் வாக்கை எதிர்பார்ப்பார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எது நன்மை என்று கூடிப் பேசி, ஆட்சேப மனுக் கொடுக்கும் காலத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். கோடு இழுத்து முடிந்தபின் வருந்திப் பயனில்லை.

குமுளியில் வழங்கும் இடப்பெயர்கள் கேட்க இனிமையானவை. ரோசாப்பூக்கண்டம், அட்டப்பள்ளம், அமராவதி, முருக்கடி, ஸ்பிரிங் வேலி, வெள்ளாரங்குன்னு, ஒட்டகத்தலமேடு என்றெல்லாம் வரும். ஒட்டகத்தை ஒருநாளும் கண்டிராத மலைக்கு அப்பெயரை வைத்தவர் நல்ல கற்பனை உடையவராக இருந்திருக்கவேண்டும். தேக்கடிக் காட்டையொட்டி மன்னாக்குடியும் பளியக்குடியும் உள்ளன. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் வாழுமிடங்கள் அவை. நாம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்தவர்கள் அவர்கள். கேரளத்தில் வார்டுகளுக்கு எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. பெயர் பெரும்பாலும் இத்தகைய இடப்பெயராகவே இருக்கும். அதனால் ஒரு மயக்கமும் ஏற்படுகிறது. ஓரிடத்தின் பெயரை வார்டு தாங்கியிருந்தால், அவ்விடத்தார் அனைவரும் அவ்வார்டினரே என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவ்விடத்தின் ஓர் ஓரம் அடுத்த வார்டில் கிடக்கலாம்.

எனக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர் இதற்குச் சான்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கதவு நிலையில் ஊராட்சியார் எழுதிய எண் உள்ளது. அதன் முற்பகுதி வார்டின் எண், பிற்பகுதி வீட்டின் எண். 'என் வார்டு இதுதான், நிலையிலேயே எழுதியிருக்கிறதே' என்பது அவர் கொண்டிருந்த உறுதி. 2025 டிசம்பர் 9-ஆம் நாள் இடுக்கி மாவட்டத்தில் வாக்குப்பதிவு நடந்தது. அம்மையார் காலையிலேயே எழுந்து, வழக்கமாக வாக்களிக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சென்று வரிசையில் நின்றார். பட்டியலில் பெயர் இல்லை. அங்கிருந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் தேடிப்பார்த்து, 'பாட்டி, உங்கள் பெயர் பக்கத்து வார்டில் இருக்கிறது, சாவடியும் வேறு' என்றார். வார்டு நகர்ந்துவிட்டது, கதவிலிருந்த எண் நகரவில்லை. அவர் மலைச்சரிவில் இறங்கி, மறுபுறம் ஏறி, இரண்டாவது சாவடிக்குச் சென்று சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. வாக்களிப்பு மாலை ஆறு மணி வரை இருந்ததால் உரிமை தப்பியது. அவரைப்போல் முழங்கால் வலியோடு இரண்டாவது சரிவு ஏறும் மனவுறுதி எல்லோர்க்கும் இருக்குமா என்பது ஐயமே.

வாக்குச் சாவடிக்குள் சென்றபின் என்ன நடக்கிறது? கேரளத்தின் கிராம ஊராட்சிப் பகுதியில் ஒருவர்க்கு மூன்று வாக்குகள். குமுளிக்காரர் கிராம ஊராட்சிக்கு ஒன்றும், அழுதை வட்டார ஊராட்சிக்கு ஒன்றும், இடுக்கி மாவட்ட ஊராட்சிக்கு ஒன்றும் அளிக்கிறார். இயந்திரத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளின் நிறம் கிராமத்துக்கு வெள்ளை, வட்டாரத்துக்கு இளஞ்சிவப்பு, மாவட்டத்துக்கு இளநீலம். வெள்ளையில் ஒருவரை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பிவிடக்கூடாது. மூன்றிலும் வாக்களிக்க விருப்பமில்லையெனில் இறுதியிலுள்ள முடிப்புப் பொத்தானை அழுத்தவேண்டும்.

மலையடிவாரத்தில் முறை வேறு. கூடலூர், கம்பம் ஆகியவை நகராட்சிகள். அங்கே ஒரு வாக்குத்தான், அது வார்டு உறுப்பினர்க்கு. அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ ஒருவர்க்கு நான்கு வாக்குச் சீட்டுகள். ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தேர்தலில் கட்சிச் சின்னமும் இல்லை. கேரளத்தில் கிராம ஊராட்சித் தேர்தலும் கட்சிச் சின்னத்தில் நடைபெறுகிறது. தலைவரை மெம்பர்கள்தாம் தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலால் இங்கே தலைவர் யார் என்பதை மக்கள் தீர்மானிக்கும் ஒரே வழி தம் மெம்பரின் மூலமே. மலையேறி வந்த நம்மவர் பலர் ஊர்ப் பழக்கத்தில் 'பிரசிடெண்டைப் பார்க்கவேண்டும்' என்று நேரே தலைவரிடம் ஓடுகின்றனர். கேரளத்தில் முதலில் பார்க்கவேண்டியவர் மெம்பர்.

இடவொதுக்கீடு பற்றியும் ஒரு சொல். 2010 தேர்தல் முதல் கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் உண்டு. இவை தேர்தல்தோறும் வார்டு மாறிச் சுழல்கின்றன. ஐந்தாண்டு உழைத்து நற்பெயர் எடுத்த மெம்பர், அடுத்த முறை அதே வார்டில் நிற்க முடியாமற் போவதும் உண்டு. இது இம்முறையின் குறை என்றே கருதுகிறேன். ஆனால் இம்முறை இல்லாதிருந்தால் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஊராட்சி மேசையில் அமர்ந்திருப்பாளா என்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

தோட்டத்துப் பெண்கள் என்றவுடன் மூணாறு நினைவுக்கு வருகிறது. குமுளியிலிருந்து ஏலமலையின் வழியே வடக்கே சென்றால் வரும் ஊர். அதுவும் இதே இடுக்கி மாவட்டம். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நூற்றுக்கு இருபது போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் அண்டவிடவில்லை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு போனஸ் கோரிக்கை ஏற்கப்பட்டது. 'பெம்பிளை ஒருமை' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. பெயரே தமிழும் மலையாளமும் கலந்ததுதான். கேட்கத் தக்கது அடுத்து நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் அம்மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல். இரண்டு மாதத்துக்கு முன் கூடை சுமந்துகொண்டிருந்த பெண்கள் வேட்பாளராக நின்றனர். அவர்களுள் முன்னணியில் இருந்த கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அவ்வியக்கத்துக்குள் பிளவுகள் ஏற்பட்டன. அது வேறு கதை. சாலையில் ஒன்பது நாள் கேட்ட குரல் ஐந்தாண்டுக்கு ஓர் ஆசனம் பெற்றது என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

லயங்களில் வாழ்வோர்க்கு ஊராட்சி ஏன் இத்துணை இன்றியமையாதது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடுதான். நிர்வாகம் நடக்கும்வரை அது நடந்தது. 2000-ஆம் ஆண்டு பீர்மேட்டுப் பகுதியில் சில பெரிய தோட்டங்கள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது? வீடு கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனியோ இல்லை. சொந்த நிலமில்லாத காரணத்தால் அரசின் வீட்டுத் திட்டங்களிலும் இடம் கிடைப்பது கடினம். அத்தகைய குடும்பத்துக்காகப் பயனாளிகள் பட்டியலில் வாதாடக்கூடிய அருகிலுள்ள மனிதர் மெம்பர் ஒருவரே.

கடல்கடந்தும் இதே கதைதான். இலங்கையின் மலையகத் தமிழர்க்கு 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் ஒரு பெருந்தடையாக இருந்தது. தோட்டத்தார் சபைக்கு வாக்களிப்பர்; தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடத்தான் வழியில்லை. 2018-இல் செய்யப்பட்ட திருத்தமே அவ்வழியைத் திறந்தது. முப்பத்தோராண்டுகள் ஆயின. அதை நினைக்கும்போது நம் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பின் அருமை விளங்கும்.

மெம்பரின் வாயில் திறந்திருந்தாலும் உள்ளே செல்ல ஒரு சீட்டு வேண்டும். அது வாக்காளர் பட்டியல். இங்கே நம்மவர் அடிக்கடி ஏமாறுகின்றனர். பட்டியல்கள் இரண்டு. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் உரிய பட்டியலை இந்தியத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரிய பட்டியலைக் கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிக்கிறது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றொன்றிலும் இருக்கும் என்று எண்ணக்கூடாது. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வீடுவீடாகப் படிவம் கொடுத்து நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் முதற்பட்டியலைச் சேர்ந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தாயிற்று, ஊராட்சியிலும் பெயர் சேர்ந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தவர்களை நான் அறிவேன்.

மற்றொன்று, சற்றுக் கசப்பான செய்தி. எல்லையில் வாழ்வோருள் சிலருக்கு மலைமேலும் பெயர் உண்டு, மலைக்குக் கீழும் பெயர் உண்டு. சொந்த ஊரில் ஒரு வீடு, தோட்டத்தில் ஒரு வீடு. இரண்டையும் விட மனமில்லை. மனம் புரிகிறது. ஆயினும் ஒருவர் ஒரே இடத்தில்தான் வாக்காளராகப் பதிந்திருக்கலாம் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. பொய்யான உறுதிமொழி தந்து பதிவு செய்வது தண்டனைக்குரியது. சட்டம் ஒருபுறம் இருக்க, இதனால் வரும் தீங்கு வேறொன்று. இரட்டைப் பதிவு செய்தவர் சிலர். ஐயப்படப்படுவதோ எல்லைத் தமிழர் அனைவரும். நேர்மையாக இங்கேயே பதிந்து வாழும் குடும்பத்தின் பெயருக்கும் ஆட்சேப மனு வந்துவிடுகிறது. எங்கே வாழ்கிறோமோ, எந்த ஊர்ச் சாலையில் நம் பிள்ளைகள் நடக்கிறார்களோ, அங்கே பெயரை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவதே நலம்.

2011 டிசம்பரை இவ்வூரார் மறக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பதற்றத்தில் எல்லையில் வண்டிகள் நின்றன. அச்சம் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் மூட்டை முடிச்சுகளோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கின. இரு மாநிலப் பெரியோர்களும் அமைதிக்கு முயன்றனர். நாளடைவில் நிலைமை சீரடைந்தது. அத்தகைய நாட்களில் தலைநகரங்கள் வெகு தொலைவில் இருக்கின்றன. அண்டை வீட்டார் மலையாளியாக இருப்பார், மெம்பரும் மலையாளியாக இருக்கக்கூடும். அவர்கள் நம்மைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார்களா, நாம் அவர்களை அறிந்திருக்கிறோமா என்பது அப்போது தெரியும். மெம்பர் தமிழராகவே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. தமிழ் மெம்பரும் நம்மைத் திரும்பிப் பாராமல் இருக்கலாம். நம் வார்டின் மெம்பர் நம்மை அறிந்திருக்கவேண்டும் என்பதே வேண்டுவது.

மொழியின் காரணமாக ஒதுங்கி நிற்போர்க்கு ஓரிரு சொற்கள். குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை, அந்த மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. கேரளம் 1969-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்துச் செய்ய இடமளித்தது. மொழிச் சிறுபான்மையினர் வாழும் வார்டுகளில் வாக்குத் தாளில் மலையாளத்தோடு தமிழிலும் பெயர் அச்சிடப்படுகிறது. இடுக்கியிலும் பாலக்காட்டின் கிழக்கோரத்திலும் இதனைக் காணலாம். 2021-இல் தேவிகுளம் தொகுதியின் ஆ. ராஜா திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்தில் தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார். மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் நேயர்கள் தங்கள் வார்டிலும் இதற்கொப்பான வழிகள் உள்ளனவா என்று விசாரிக்கலாம். மும்பையின் தமிழ்ச்செல்வன் முதலில் மாநகராட்சி உறுப்பினர். 2014-இல் சீயோன் கோலிவாடாவிலிருந்து சட்டமன்றம் சென்றவர். அவரும் வார்டில் தொடங்கியவரே.

இனி, தேர்தல் முடிந்தபின் வரும் நாட்கள். கேரளச் சட்டத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்பேன். அங்கே ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. வார்டின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் சபை கூடவேண்டும், கூட்டவேண்டியவர் மெம்பர். பத்தில் ஒரு பங்கினர் வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. தொடர்ந்து இருமுறை சபையைக் கூட்டத் தவறும் மெம்பர் பதவியையே இழக்க நேரும். தெருவில் போவோர் வருவோரிடம் மெம்பரைக் குறை கூறுவதைவிட, 'கிராம சபை எப்போது?' என்று ஒரு வரி எழுதிக் கேட்பது வலிமை மிக்கது.

சபையில் என்ன செய்கிறார்கள்? எந்தச் சாலையை முதலில் செப்பனிடுவது, எங்கே விளக்கு வைப்பது, வீடு யாருக்கு, ஆடு மாடு வாங்க உதவி யாருக்கு என்னும் பட்டியல்கள் அங்கே வாசிக்கப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. ஏழைக் குடும்பம் ஒன்றின் பெயர் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதும் அங்கே இருப்போரின் வாய்ச்சொல்லைப் பொறுத்தது. கூட்டம் நடப்பது மலையாளத்தில். ஆனால் எல்லைப்புற வார்டுகளில் தமிழில் பேசினால் புரியாதென்று கூறுவார் இலர். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் சேர்ந்த நம் பெண்கள் முதலில் வாரச் சேமிப்புக்காகப் பேசிப் பழகி, பிறகு கிராம சபையிலும் எழுந்து நின்று பேசுகின்றனர். ஆண்கள்தாம் 'கூலி போய்விடும்' என்று வீட்டிலிருந்து விடுகின்றனர். கூலி ஒரு நாளைக்குப் போகும், உண்மைதான். பட்டியலிலிருந்து போன பெயர் திரும்பிவர எத்தனை நாளாகும் என்பதையும் கணக்கிட்டால் நன்று.

2025 டிசம்பரில் பொறுப்பேற்ற மெம்பர்களுக்கு ஐந்தாண்டுக் காலம். மேலே சொன்ன மூதாட்டியை அண்மையில் கண்டேன். வார்டு மாறியதால் அவர் மெம்பரும் மாறியிருந்தார். புதியவரின் வீடு எங்கே என்று கேட்டறிந்து, ஒருநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்; ஓய்வூதியத் தாள் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டியிருந்ததாம். கதவு நிலையில் ஊராட்சியார் எழுதிய பழைய எண்ணை அவர் அழிக்கவில்லை. அதற்குக் கீழே புதிய வார்டின் எண்ணைப் பேரனைக்கொண்டு சுண்ணக்கட்டியால் எழுதவைத்திருக்கிறார். மழையில் அழிந்தால் மறுபடி எழுதச் சொல்வதாகக் கூறினார்.